அம்மை கண்ட வீட்டில் வேண்டுதலும் மருத்துவமும்: எதை எதனிடம் கேட்பது

குழந்தையின் மார்பிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள் நாலைந்து தென்பட்டவுடன், நம் வீடுகள் பலவற்றில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. பெரியவர்கள் நிலைப்படியில் வேப்பிலை செருகி, அடுப்படியில் தாளிப்பை நிறுத்தி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார்கள். இளையவர்கள் கைப்பேசியை எடுத்து மருத்துவரை அழைக்கிறார்கள். சற்று நேரத்தில் "ஆத்தா வந்திருக்கும்போது மருந்தா?" என்று ஒரு குரலும், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொரு குரலும் எழுந்து, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. அந்தச் சண்டைக்கு இடம் தராமல், சின்னம்மை கண்ட ஒரு வாரம் பத்து நாட்களை எப்படி நடத்துவது என்பதே இக்குறிப்பின் பொருள்.

முதல் வேலை, வீட்டில் எழும் பேச்சுகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது. "இந்த நேரத்தில் நமக்கு ஏன் இது வந்தது, அவள் காப்பாளா, குணமானதும் என்ன செலுத்துவது" என்பவை ஒரு வகை. "காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும், யாருக்குத் தொற்றும், குளிப்பாட்டினால் கெடுதலா" என்பவை வேறு வகை. முதல் வகைக்கு எந்த ஆய்வகமும் விடை தர முடியாது, தருவதாகச் சொல்லவுமில்லை. இரண்டாம் வகைக்குப் பல குழந்தைகளைப் பார்த்துக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். "மாரியம்மன் காப்பாள்" என்று சொல்லும் பாட்டி, வைரஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவரோடு வாதாட அங்கே ஒன்றுமே இல்லை. "தண்ணீர் பட்டால் அம்மை உள்ளே இறங்கிவிடும்" என்று சொல்லும்போதுதான் அவர் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறார். வாதம் தேவைப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் தேவைப்படும். பெரும்பாலான வீடுகளில் இளையவர்கள் முதல் வாக்கியத்தோடு மோதித் தோற்று, இரண்டாவதைப் பேசும் வாய்ப்பையும் இழந்துவிடுகிறார்கள்.

அடுத்து, சொந்த அனுபவத்தை எவ்வளவு நம்புவது என்பது. "எங்கள் வீட்டில் ஏழு பேருக்கும் வேப்பிலையிலேயே சரியானது" என்பது பொய்யன்று. ஆனால் சின்னம்மை, நல்ல உடல்நலமுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏதும் செய்யாவிட்டாலும் தானாகவே வடிந்துவிடும் நோய். தானாகத் தணியும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும், அது வேப்பிலையானாலும் சரி, விலை உயர்ந்த மாத்திரையானாலும் சரி. இதற்காகவே ஒப்பீடு செய்கிறார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான 815 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொப்புளம் கண்ட ஒரு நாளுக்குள் தொடங்கியபோதும், மருந்து பெற்றவர்களின் காய்ச்சல் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகத் தணிந்தது, கொப்புளங்களும் ஓரளவு குறைந்தன, அவ்வளவுதான். அதனால்தான் நலமான சிறு குழந்தைகளுக்கு அதை மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவதில்லை. தன் மருந்தின் பலன் சிறியது என்று தானே சொல்லிக்கொள்ளும் இந்த நேர்மைதான் சான்றின் மீது நான் வைக்கும் மதிப்புக்குக் காரணம். பெரியவர்களிடம் பேசும்போதும் "மருந்து கொடுத்தால் உடனே சரியாகும்" என்று மிகைப்படுத்த வேண்டாம். மூன்றாம் நாளும் புதுக் கொப்புளம் வந்தால் உங்கள் சொல் எடுபடாமல் போகும்.

இனி வழக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அவற்றில் பல அப்படியே இருக்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். வாசலில் வேப்பிலை கட்டுவது வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறது. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றக்கூடியது; ஒரே வீட்டில் முன்பு அது வராதவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிவிடும். எனவே அந்த வேப்பிலைக் கொத்துக்கு மருத்துவ அறிவிப்புப் பலகையின் பயன் உண்டு. மெல்லிய பருத்தித் துணி, இளநீர், மோர், காரமில்லாத உணவு ஆகியவற்றுக்கும் தடையில்லை, வாயினுள் புண் உள்ள குழந்தைக்கு அவையே இதமானவை. வேப்பங்கொழுந்தால் மெல்ல வருடுவது, நகத்தால் சொறிவதைவிட எவ்வளவோ மேல். நகங்களையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் புகட்டுவதை மட்டும் உறுதியாகத் தடுங்கள். அது கல்லீரலையும் மூளையையும் பாதித்துக் கைக்குழந்தைகளின் உயிரையே பறித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

குளியல்தான் கடினமான இடம். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒற்றைப்படை நாளில், மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் வைத்துச் சூடேற்றிய நீரைத் தலைக்கு ஊற்றும் வரை உடலில் நீர் படக் கூடாது என்பது பல குடும்பங்களின் முறை. கொப்புளங்களைச் சொறிந்து உண்டாகும் புண்களில் பாக்டீரியா புகுவதே குழந்தைகளுக்குச் சின்னம்மையால் வரும் தொல்லைகளில் அடிக்கடி காணப்படுவது. அழுக்கும் வியர்வையும் அதற்குத் துணை போகின்றன. வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பதால் அம்மை உள்ளே போவதில்லை. பெரியவர்கள் சம்மதிக்கவில்லையென்றால், "தண்ணீர் ஊற்றும் சடங்கு உங்கள் கணக்குப்படியே நடக்கட்டும், அதுவரை வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். சடங்கின் நாளும் குறையாது, தோலும் தூய்மையாக இருக்கும்.

உப்பில்லாமல், அரை வயிறாகப் பத்தியம் வைக்கும் வீடுகளில் சொல்வதற்குச் சமயபுரத்திலிருந்தே ஒரு செய்தி இருக்கிறது. மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாட்கள், பக்தர்களின் நலனுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக அங்கே ஐதிகம். அந்த நாட்களில் சமைத்த தளிகை படைக்காமல் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவற்றையே படைக்கிறார்கள். "விரதத்தை ஆத்தாவே நமக்காக இருக்கா, அப்பத்தா, புள்ளைக்குக் கஞ்சி குடுப்போம்" என்று ஒரு பேரன் சொன்னால், அந்தப் பேச்சில் எதிர்ப்பு இல்லை. நம்பிக்கைக்குள்ளேயே இருக்கும் கருணையை எடுத்துக்காட்டி வழி திறப்பது, வைரஸின் படத்தைக் காட்டுவதைவிடப் பல வீடுகளில் விரைவாகப் பலன் தரும். ஆனால் இதைத் தந்திரமாகச் செய்ய வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால், "உங்கள் கோயிலில் சொல்வதைத்தான் சொல்கிறேன்" என்று வெளிப்படையாகவே பேசலாம்.

மருந்தில் எச்சரிக்கை தேவை. காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதுமானது. ஆஸ்பிரின் கூடவே கூடாது; சின்னம்மையின்போது அதைக் கொடுத்தால் ரெய் நோய்க்குறி என்னும் கடும் பாதிப்பு வரக்கூடும். ஐபுப்ரோஃபெனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். அரிப்புக்குக் கேலமைன் தடவலாம்.

விட்டுக்கொடுக்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. மூச்சுத் திணறல், நினைவு தடுமாற்றம், தள்ளாட்டமான நடை, வலிப்பு, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, நான்கு நாளைத் தாண்டியும் நீடிக்கும் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் சடங்கின் நாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயது வந்தோர், கருவுற்ற பெண்கள், பச்சிளங்குழந்தைகள், புற்றுநோய்க்கோ ஸ்டீராய்டு மருந்துக்கோ உட்பட்டு எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குக் கொப்புளம் கண்டால் முதல் நாளே போக வேண்டும், ஏனென்றால் அசைக்ளோவிர் போன்ற மருந்து 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரையில் தாய்க்கு அம்மை கண்டால் சிசுவின் உயிருக்கே ஆபத்து. இந்த விதிவிலக்குகளை அமைதியான ஒரு மாலையில், யாருக்கும் அம்மை இல்லாத காலத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது நல்லது. காய்ச்சல் நாளில் யாரும் கேட்கும் மனநிலையில் இருப்பதில்லை.

பேச்சு நீளும்போது பெரியம்மையின் கதை உதவும். அம்மன் வழிபாட்டோடு முதன்மையாகச் சேர்த்துப் பேசப்பட்டது அந்தக் கொடிய நோய்தான். தடுப்பூசியால் இந்தியா 1977இல் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. நோய் போயிற்று, மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை. ஊசி போட்டால் நம்பிக்கை அழிந்துவிடும் என்ற பெரியவர்களின் பயத்துக்கும், நோய் போனால் சாமியும் போய்விடும் என்ற இளையவர்களின் எதிர்பார்ப்புக்கும் இது ஒன்றே பதில். சின்னம்மையை அப்படி ஒழிப்பது எளிதன்று. அந்த வைரஸ் நரம்புகளில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிப்படுகிறது. குயவர் காவியால் அக்கி எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதிக்கொள்வதானாலும் மருத்துவரை 72 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுங்கள், கண்ணருகில் வந்திருந்தால் அன்றைக்கே.

வீட்டில் முன்பு அம்மை வராத மற்றவர்களுக்கு, தொடர்பு ஏற்பட்ட மூன்று நாட்களுக்குள், பிந்தினால் ஐந்து நாட்களுக்குள், சின்னம்மைத் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ கடுமையாகாமலோ தடுக்க முடியும். கருவுற்றவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் அந்த ஊசி கூடாது. அவர்களுக்கான வழியை மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போடாதவர்களுக்கு 10 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தெரியலாம் என்பதால், முதல் கொப்புளம் கண்ட தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட எல்லோரும் புறப்படுவார்கள். அதற்கு முன் குழந்தையின் சட்டையைக் கழற்றி, தலைமுடிக்குள்ளும் அக்குளிலும் பார்த்து, ஈரமான கொப்புளம் ஒன்றேனும் மிச்சமிருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கோயில் வரிசையில் கருவுற்ற பெண்ணொருத்தி உங்களுக்கு முன்னால் நிற்கக்கூடும்.