ஃபயர்பாக்ஸுக்கு மாறும்போது

குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் எல்லாம் வெவ்வேறு உலாவிகள் போலத் தோன்றும். உள்ளே ஓடுவது குரோமியம் என்ற ஒரே அடித்தள மென்பொருள்தான். 2004 நவம்பரில் 1.0 பதிப்பைக் கண்ட ஃபயர்பாக்ஸ் இன்றும் கெக்கோ என்ற சொந்த எஞ்சினில், அதாவது பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதியில், ஓடுகிறது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

நிறுவியதும் பழைய புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் அமைப்புகள் வழியாக இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு தனியுரிமைப் பகுதியில் கண்காணிப்புத் தடுப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றுங்கள். சில தளங்கள் முரண்டு பிடிக்கும். ஒரு கட்டணப் பக்கம் எனக்குப் பொத்தானையே காட்டவில்லை. முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயத்தைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தினேன், சரியாயிற்று.

நான் இதை விடாததற்குக் காரணம் வேறு: ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே தரும் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்). இது தாவல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனி அறைகளாகப் பிரிக்கிறது. அலுவலக மின்னஞ்சல் ஆரஞ்சு நிறத் தாவலில், சொந்த மின்னஞ்சல் நீலத்தில். ஒன்றின் குக்கி (தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பு) மற்றொன்றுக்குத் தெரியாது. முன்பெல்லாம் தவறான கணக்கிலிருந்து மேலாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு விழித்தவன் நான். வங்கித் தளத்தை எப்போதும் பச்சைக் கன்டெய்னரிலேயே திறக்கும்படி குறித்துவையுங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசியிலும் நிறுவினால், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை மறக்காதீர்கள். அங்கேயும் அது வேலை செய்கிறது.