வாடகை குறைவு, செலவு அதிகம்: மெல்பர்னில் குடியேறும் இளம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

மெல்பர்னில் வேலை கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டால் அடுத்து எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஏரியாவுல வாடகை கம்மி?"

பதில் சொல்வது சுலபம். மேற்கே டார்நீட், ட்ருகனினா, விண்டம் வேல். தென்கிழக்கே கிளைட் நார்த், கிரான்போர்ன். வடக்கே கிரெய்கிபர்ன். ஆனால் அந்தக் கேள்வியில்தான் கோளாறு. நானும் அதைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, மூன்று வயது மகளோடு டார்நீட்டின் ஓர் ஓரத்தில் போய் இறங்கியவன். அங்கே இருந்த பதினான்கு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பதில் பாதி. மீதி, அதற்கப்புறம் வந்தவர்கள் பட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பம். சபர்ப் என்றதும் நமக்குத் தாம்பரம், ஆவடி மாதிரி ஊருக்கு வெளியே இருக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படியில்லை. நகர மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருக்கும் ரிச்மண்டும் சபர்ப்தான், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டார்நீட்டும் சபர்ப்தான். அதனால் "நல்ல சபர்ப்" என்று யாராவது சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. யாருக்கு நல்லது, எத்தனை காருக்கு நல்லது என்று திருப்பிக் கேளுங்கள்.

நாலால் பெருக்குவது

இங்கே வாடகையை வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். 500 டாலர் என்றால் வாரத்துக்கு 500. நம் ஆட்கள் உடனே நாலால் பெருக்கி மாதம் 2,000 என்று எழுதிக்கொள்வார்கள். வருடத்துக்கு 52 வாரம். 500 டாலர் வீதம் 26,000, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,167. ஊரிலிருந்தபடி போட்ட பட்ஜெட்டில் வருடத்துக்கு 2,000 டாலர் இங்கேயே ஓட்டை. நான் எக்செல் போட்டு, வண்ணமெல்லாம் அடித்து வைத்திருந்த பட்ஜெட்டில் இந்த ஓட்டை இருந்தது.

முன்பணம் மட்டும் நமக்கு இன்ப அதிர்ச்சி. சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே பாண்டு என்பது பெரும்பாலும் ஒரு மாத வாடகைதான். அதுவும் வீட்டுக்காரர் பைக்குப் போகாது, மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் பாண்டு ஆணையத்திடம் இருக்கும். வீட்டை யாரும் நேரில் பார்க்காமலே பணம் அனுப்பச் சொன்னால், அது எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தாலும் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸுக்கு எத்தனை நிமிடம்?

மேப்பில் ஆபீஸைக் குத்தி, வீட்டைக் குத்தி, நிமிடம் பார்த்து வீடு எடுப்பது எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆபீஸுக்குப் போகிற ஆள் ஒருத்தர்தான். அவரும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். நாள் முழுக்க அந்த சபர்ப்பிலேயே இருக்கப்போவது இன்னொருவரும் குழந்தையும். அவர்களை வைத்து எந்தக் கணக்கும் போட்டிருக்க மாட்டோம்.

எங்கள் வீடு புத்தம் புதிது. நான்கு படுக்கையறை, இரட்டை கராஜ். அதில் ஒரே ஒரு கார், அதை நான் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பால் வாங்க வேண்டுமென்றால் மனைவி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து இரண்டே கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதி தூரத்துக்கு நடைபாதை போட்டு முடிக்கவில்லை. சாலையோரம் நட்டிருந்த மரமெல்லாம் குச்சியாக, இரண்டு கம்புக்கு நடுவே கட்டி நின்றன. நிழல் என்று ஒன்று கிடையாது. ஜனவரியில் வடக்கிலிருந்து அனல் காற்று அடித்து நாற்பது டிகிரியைத் தொடும், ஜூலையில் அதே வெட்டவெளியில் காற்று எலும்பைத் துளைக்கும். பஸ் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் குழந்தையின் தூக்கம், சாப்பாடு எல்லாம் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாவது மாதம் ஒரு நாள் அவள் சொன்னாள்: "நான் இன்னைக்கு யார்கிட்டயாவது பேசினேனான்னு யோசிச்சுப் பாத்தேன். செக்அவுட்ல 'பேக் வேணுமா'ன்னு கேட்டாங்க. அதுக்கு 'நோ' சொன்னேன். அவ்வளவுதான்."

இதற்கு வழி, இரண்டாவது கார். அங்கேதான் குறைந்த வாடகை தன் வேலையைக் காட்டும். இன்றைய நிலவரத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் வருடத்துக்கு 900 டாலரை ஒட்டி வரும். இன்ஷூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்தால் வாரம் 100 டாலருக்குக் குறையாது என்பது என் அனுபவம். நகரத்துக்கு உள்ளே தள்ளி வாடகைக்கு எடுத்திருந்தால் வாரம் 60, 70 டாலர்தான் கூடுதல். எது மலிவு?

கார் வாங்கினாலும் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நம் ஊர் லைசென்ஸில் இங்கே ஆறு மாதம் வரைதான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வு, ஆபத்தைக் கணிக்கும் கணினித் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு என மூன்றையும் முடிக்க வேண்டும். ஊரில் லைசென்ஸே எடுக்காமல் வந்தால் எல் போர்டு மாட்டி அடியிலிருந்து தொடங்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன் மனைவிக்கு லைசென்ஸ் எடுத்து, உண்மையிலேயே கார் ஓட்டவும் பழக்கிவிடுங்கள். பட்டுப்புடவைக்கு எடுக்கும் நேரத்தில் பாதி போதும்.

ரயிலைப் பற்றியும் ஒன்று. மேப்பில் எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரிதான் தெரியும். டார்நீட் ஸ்டேஷன் 2015இல் திறந்தது. ஆனால் அங்கே நிற்பது நகர மெட்ரோ ரயில் இல்லை, ஜீலாங்கிலிருந்து வரும் வி லைன் என்ற வெளியூர் டீசல் வண்டி. காலையில் ஏறும்போதே நிற்க இடமிருக்காது. பக்கத்திலேயே இருக்கும் ஹாப்பர்ஸ் கிராஸிங், வெரிபீ இரண்டிலும் மெட்ரோ மின்சார ரயில் உண்டு. கிளைட் நார்த்தில் ஸ்டேஷனே கிடையாது. இது தெரியாமல் வீடு எடுத்தால் டெரிமட் ரோட்டில் காலை நெரிசலில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வீர்கள்.

வாடகையைத் தாண்டும் குழந்தைக் காப்பகம்

இருவரும் வேலைக்குப் போகலாம், சமாளித்துவிடலாம் என்று வருகிறவர்கள் விசாவின் எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு (பிஆர்) வந்தால் குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் வருமானத்துக்கு ஏற்ப அரசு மானியம் உண்டு. 482 போன்ற தற்காலிக வேலை விசாவில் அது பொதுவாகக் கிடையாது. ஒரு நாள் கட்டணம் 120 முதல் 180 டாலர் வரை இருக்கும். நடுவில் 150 என்று வைத்தாலும் வாரம் ஐந்து நாளுக்கு 750 டாலர். நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த 500 டாலர் வீட்டைவிட ஒன்றரை மடங்கு. சம்பள ஆஃபரைப் பார்த்து ஊரில் ரூபாயாக மாற்றிச் சந்தோஷப்படும்போது இந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை.

விக்டோரியாவில் ஒரு நல்ல விஷயம், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான இலவச கிண்டர். அதற்கு எந்த விசா என்று பார்ப்பதில்லை. நான்கு வயதுக்காரர்களுக்கு வாரம் பதினைந்து மணி நேரம். ஆனால் புது சபர்ப்பில் இடம் கிடைப்பது தனிப் போராட்டம். எல்லா வீட்டிலும் அந்த வயதுக் குழந்தைதானே இருக்கிறது! வீடு முடிவு செய்யும் முன் அந்தப் பகுதியின் கவுன்சிலில் (உள்ளாட்சி) கிண்டர் பதிவு எப்படி, காத்திருப்போர் எத்தனை பேர் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பெயரிலும் குழம்பாதீர்கள். சிட்னியில் கிண்டர்கார்டன் என்றால் பள்ளியின் முதல் வருடம். மெல்பர்னில் கிண்டர் என்பது பள்ளிக்கு முந்தையது, பள்ளியின் முதல் வருடத்துக்குப் பெயர் பிரெப். ஏப்ரல் 30க்குள் ஐந்து வயது நிறைந்தால் அந்த வருடம் பிரெப்பில் சேரலாம். பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரிக் கடைசியில், ஜூனில் இல்லை. ஊரில் யுகேஜி முடித்த குழந்தை இங்கே மறுபடி பிரெப்பில் உட்காரும். அதற்கு யாரும் அழ வேண்டாம், குழந்தை அழாது.

பள்ளி விஷயத்தில் நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு எல்லை உண்டு. உங்கள் முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளியில் இடம் நிச்சயம். அதனால் கிளென் வேவர்லி, பால்வின் மாதிரி பேர்போன உயர்நிலைப் பள்ளி எல்லைக்குள் வாடகை எகிறிக் கிடக்கும். இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வாடகையைக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. அதற்குள் எல்லையை மாற்றி வரைந்தாலும் வரையலாம்.

ஊரிலிருந்தே ஒரு வருட ஒப்பந்தம்

நண்பர் ஒருவர் போய்ப் பார்த்து, வீடியோ காலில் காட்ட, திருச்சியில் உட்கார்ந்து பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். நண்பரைக் குறை சொல்ல முடியாது, சமையலறை உண்மையிலேயே அழகாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே என்ன இல்லை என்பது வீடியோவில் தெரியாது.

நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால் அடுத்த ஆள் வரும் வரை வாடகையும், ஏஜென்ட் மறுபடி ஆள் பிடிக்கும் செலவில் ஒரு பங்கும் உங்கள் தலையில் விழலாம். அதற்குப் பதில் முதல் நான்கைந்து வாரத்துக்குச் சாமான்களோடு கிடைக்கும் குறுகிய கால வீட்டில் தங்குங்கள். பணம் கூடத்தான் ஆகும். அந்த நாட்களில் மூன்று சபர்ப்பையாவது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, குழந்தையோடு, காரில்லாமல் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா சபர்ப்பும் நல்ல சபர்ப்தான்.

வீடு காட்டுவதற்கு ஏஜென்ட் கொடுப்பது பத்து, பதினைந்து நிமிடம். வாசலில் இருபது பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவருக்கு இங்கே வாடகைக்கு இருந்த முன்வரலாறு இருக்காது, அதனால் வேலை ஒப்பந்தம், வங்கி இருப்பு, ஊர் வீட்டுக்காரரிடம் ஒரு ஆங்கிலக் கடிதம், எல்லாவற்றையும் முன்னமே தயாராக வைத்துக்கொண்டு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் கேட்க ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. குடிபோனதும் வீட்டு நிலை அறிக்கை என்று ஒன்று தருவார்கள். ஐந்து வேலை நாளுக்குள் சுவர்க் கீறல், கார்பெட் கறை எல்லாவற்றையும் அதில் எழுதி, படம் எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோம்பல்பட்டால் முன்பு இருந்தவர் ஆணி அடித்த ஓட்டைக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். வீட்டில் அடுப்பு இருக்கும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எதுவும் இருக்காது.

பெட்டி கட்டும்போது

குழந்தையின் தடுப்பூசி அட்டையின் அசல் கைப்பையில் இருக்கட்டும். விக்டோரியாவில் தடுப்பூசிப் பதிவைக் காட்டாமல் காப்பகத்திலும் கிண்டரிலும் சேர்க்க முடியாது. ஊர் அட்டையை இங்கத்திய பதிவேட்டில் ஏற்றச் சில வாரம் ஆகும். கார் சீட்டை ஊரிலிருந்து தூக்கி வராதீர்கள். ஏழு வயது வரை குழந்தைக்கு இருக்கை கட்டாயம், அதுவும் ஆஸ்திரேலியத் தர முத்திரை உள்ளதாக இருந்தால்தான் செல்லும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவோடு மருத்துவ ஒப்பந்தம் இல்லை, அதனால் தற்காலிக விசாவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. தனியார் காப்பீடு எடுக்கும்போது ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு தடவை வந்து போனால் ஆயிரம் டாலருக்கு மேல்.

"நம்மாளுங்க நிறைய பேர் இருக்காங்க" என்பதற்காக மட்டும் ஒரு சபர்ப்பைத் தேர்ந்தெடுப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். வீடு வாங்கியவர் எல்லோரும் தான் வாங்கிய சபர்ப்பைத்தான் சிபாரிசு செய்வார், அது மனித இயல்பு. தோசை மாவும் கறிவேப்பிலையும் இப்போது எங்கும் கிடைக்கின்றன. சன்ஷைன் நார்த் முருகன் கோவிலுக்கும், காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கும் எப்படியும் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டுதான் போகிறோம்.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் இழுத்த பிறகு செயின்ட் ஆல்பன்ஸுக்கு மாறினோம். பழைய செங்கல் வீடு, மூன்று அறை, வாரத்துக்கு 60 டாலர் அதிகம். பெரும்பாலும் வியட்நாமியக் கடைகள், மெட்ரோ ஸ்டேஷன், நூலகம், எல்லாம் நடக்கிற தூரம். வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் உள்ளே குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மனைவியைக் காணோம். வெளியே வந்து பார்த்தால், தெருமுனை பஸ் நிறுத்தத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.