ஊருக்குப் போகமுன் சொந்தங்களோடு பேசவேண்டியவை

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போக டிக்கெட் போட்ட அன்றே ஊரில் கணக்குத் தொடங்கிவிடும். எத்தனை நாள் நிற்பீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், யாருக்கு என்ன கொண்டுவருவீர்கள். "வந்து பார்ப்பம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை ஓம் என்றுதான் எடுப்பார்கள்.

மூன்று கிழமை லீவு என்றாலும், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். போக, வர, களைப்பாற என்று நாலைந்து நாள் கழன்றுவிடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் போனால் பின்நேரங்களும் கோயிலோடு போய்விடும். ஆகவே யார் வீட்டுக்கு எந்த நாள் என்று வெளிக்கிடமுன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் செத்தவீடு நடந்த வீடுகளுக்கு முதலில் போங்கள்.

நான் ஒருமுறை "மத்தியானம் வருவன்" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு, வேறு இரண்டு வீடுகளில் சாப்பிட்டு, இரவு ஏழு மணிக்குப் போய் நின்றேன். நண்டுக்கறியும் முருங்கையிலை வறையும் மூடியபடி இருந்தன. சின்னம்மாவும் சாப்பிடவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஒரு வீட்டில்தான் சாப்பாடு, மற்ற வீடுகளில் தேத்தண்ணி மட்டும் என்று முதலே சொல்லிவிடுகிறேன்.

அயலவர் தரும் பார்சலா? எத்தனை கிலோ எடுக்கலாம் என்பதையும், பிரித்துப் பார்த்துத்தான் அடுக்குவேன் என்பதையும் சொல்லி வாங்குங்கள்.

அப்புறம் காசு. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் அந்த ஆண்டுக்குள்ளேயே 360 வரை ஏறியது. சாமான் விலையும் கூடவே ஏறிவிட்டது. அதற்கு முன் கொடுத்த அதே ரூபாவை இன்று கொடுத்தால் வயதானவர்களுக்கு மருந்துக்கே காணாது. கொடுப்பதை அவர்கள் கையிலேயே, தனியாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கடன், வேலைக்களைப்பு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் அனுப்பிய படங்களில் காரும் பிறந்தநாள் கேக்கும்தானே இருந்தன. இருந்து பேசிச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்கள். கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத அளவுக்குக் கொடுங்கள்.

"இவனை அங்கால எடுத்துவிடு" என்று மாமி கேட்கும்போது முடியாது என்று சொல்வது மிகவும் கஷ்டம். ஆனாலும் முடியாதென்றால் அன்றே சொல்லுங்கள். "பார்க்கிறன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அந்தப் பிள்ளை உயர்தரம் முடித்தும் வேறு படிப்பில் சேராமல், உங்கள் போன் வரும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும்.