பரண் மேல் கிடக்கும் பட்டாளத்துப் படங்கள்: சேர்க்க நினைப்பவர்களுக்கு

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ஓட்டு வீடுகளுக்குள் போனால் சில வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாளத்துக்காரர் மாட்டியிருப்பார். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், பின்னால் ஸ்டுடியோக்காரர் திரையில் வரைந்து வைத்த தூணும் பூந்தொட்டியும். பெங்களூரு அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இருப்பதால் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே போய்ச் சேர்வது நம் ஆட்களுக்குக் கிட்டத்து வேலை. இந்தப் படங்களைச் சேர்க்க ஆசை இருந்தால் முதலில் ஒன்று: பெயர் இல்லாத படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். யார், எந்த ஊர் என்று தெரியாவிட்டால் அது வெறும் காக்கிச்சட்டை.

அதனால் கடைக்குப் போவதை விட வீட்டுக்குப் போவது மேல். போச்சம்பள்ளி சந்தையில் ஆடு மாடு கிடைக்கும், இது கிடைக்காது. பெங்களூரு சிக்பேட்டை ஞாயிறு பஜாரில் எப்போதாவது கிடைக்கும், ஆனால் யார் வீட்டுப் படம் என்ற தொடர்பு அறுந்து போய்த்தான் வரும். பழைய பேப்பர் கடைக்காரர், பிரேம் போடும் கடைக்காரர், வீடு இடிக்கும் மேஸ்திரி, இந்த மூவரிடமும் போன் நம்பர் கொடுத்து வையுங்கள். பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் படத்தைக் கேட்டபோது பாட்டி, "எங்க மாமனாருங்க, பர்மாவுல இருந்து நடந்தே வந்தவரு, வந்து ஆறு மாசம் யார்கிட்டயும் பேசலையாம்" என்றார். படத்தை விட அந்த ஒரு வரி பெரிது. அங்கேயே படத்தின் விவரத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டேன். மூலப்படத்தை வாங்கி வரவில்லை, ஸ்கேன் எடுத்து, ஒரு நல்ல பிரிண்ட் போட்டு அவருக்கும் கொடுத்தேன். பெரும்பாலும் இது போதும். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதையும் காட்டச் சொல்லுங்கள், நம்பரும் யூனிட்டும் அதில் இருக்கும்.

கையில் வந்ததும் முதலில் பின்பக்கம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் படங்களில் தெலுங்கோ கன்னடமோ எழுதியிருந்தால் விழிக்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் யாராவது படித்துச் சொல்வார்கள். அப்புறம் தோளில் தைத்த டிவிஷன் (படைப்பிரிவு) சின்னத்தைப் பாருங்கள். கறுப்புப் பூனை என்றால் 17வது இந்திய டிவிஷன், பர்மா. செங்கழுகு என்றால் 4வது டிவிஷன், எரித்ரியா, வட ஆப்பிரிக்கா, இத்தாலி என்று போனவர்கள். கறுப்புவெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள், அந்தக் காலத்துச் சில பிலிம்களில் சிவப்பு கறுப்பாகவே விழும். தோளிலோ தொப்பியிலோ கிரீடம் இருந்தால் 1950 ஜனவரி 26க்கு முன்னால், அசோகச் சிங்கம் இருந்தால் அதற்குப் பின்னால். போர் மெடல்களோடு சிங்கமும் இருந்தால் குழம்ப வேண்டாம், போருக்குப் போன ஆள் பிறகு எடுத்த படம் அது.

போலி நிறைய. ஐஎன்ஏ, அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் என்று சொல்லி விற்கிற படத்தை இரண்டு முறை சந்தேகப்படுவேன், விலை அதிகம் என்பதால்தான். நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கி முகத்தின் மேல் வையுங்கள், வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த நகல். தாள் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று இருந்தால் அது 1960களின் பிற்பகுதிக்கு முன்னால் வந்திருக்க முடியாது. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கில் இருட்டில் காட்டுங்கள், தாள் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள். போர்க்காலத் தாள் மங்கலாகவே கிடக்கும். நிழல் பகுதிகளில், ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மாதிரி மினுமினுப்பு தெரிகிறதா, நல்ல அறிகுறி.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள், நான் செய்தேன். குங்குமப் பொட்டு வைத்த கண்ணாடி, உள்ளே ஈரம் இறங்கிப் படம் ஒட்டிக் கிடந்தது. கத்தியை விட்டு நெம்பினேன். நெற்றியும் இடது கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன. ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடுங்கள், 600 டிபிஐக்குக் குறையாமல். லேமினேஷன், பசை ஆல்பம், ரெக்சின் வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம், பாலியெஸ்டர் உறை போதும். பின்பக்கம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல். பரண் வேண்டாம், வெயில் காலத்தில் ஓட்டுக்குக் கீழே அடுப்பு மாதிரி இருக்கும்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் கல்லறை இல்லாமல் போனவர்களுக்கான ரங்கூன் நினைவிடத்தில் மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். ஆனால் தர்மபுரி மாவட்டம் பிறந்ததே 1965இல், கிருஷ்ணகிரி 2004இல், போர்க்காலத்தில் இரண்டும் சேலம் மாவட்டத்தில்தான், அதனால் சேலம் என்று தேடுங்கள். ஊர்ப்பெயரை பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், கிருஷ்ணகிரியே பழைய தாள்களில் கிஸ்ட்னகிரி என்றும் இருக்கும். ஒருவரை நான் ஏழாவது எழுத்துக்கூட்டலில்தான் பிடித்தேன்.