வலென்சியாவின் ஃபாயஸ் விழா: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்பெயினின் வலென்சியா நகரில் மார்ச் மாதம் நடக்கும் ஃபாயஸ் விழாவைப் பற்றிக் கேட்டால் பலரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். ராட்சதப் பொம்மைகளைச் செய்து, கடைசி ராத்திரி கொளுத்திவிடுவார்களாம். உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி 19ஆம் தேதி சாயங்காலம் போய் இறங்காதீர்கள். எரிவது என்னவென்றே தெரியாமல் தீயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

பொம்மைகளை நிறுத்தி முடிப்பது 15ஆம் தேதி இரவில். அதன்பின் பார்க்கக் கிடைப்பது நான்கே நாள். ஒவ்வொரு பேட்டைக் குழுவும் பெரியது ஒன்று, பிள்ளைகளுக்கென்று சின்னது ஒன்று என்று வைக்கும். நகரில் இப்படிக் கிட்டத்தட்ட 400 குழுக்கள். பரிசு பெற்ற நான்கைந்தை மட்டும் தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் பாதி விஷயம் போய்விடும். இவை வெறும் அழகுப் பொம்மைகள் அல்ல, கேலிப் பொம்மைகள். அரசியல்வாதி, கால்பந்து முதலாளி, ஏறும் வீட்டு வாடகை, யாரும் எதுவும் தப்பாது. பக்கத்தில் வலென்சிய மொழியில் சின்னச் சின்ன அட்டைகள் இருக்கும். கைபேசியில் மொழிபெயர்த்தாவது படியுங்கள், நக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

"எரிக்கிறதுக்கா இவ்வளவு செலவு?" என்று அங்கே நின்று அங்கலாய்ப்பது இன்னொரு தவறு. அந்த ஊர்த் தச்சர்கள் தங்கள் காவல் புனிதரான சூசையப்பர் திருநாளையொட்டிப் பட்டறையில் மிஞ்சிய மரத்தை எரித்ததிலிருந்து விழா பிறந்தது என்று சொல்வார்கள். எரிந்தால்தான் அடுத்த வருடம் புதிதாகச் செய்ய முடியும், அதைச் செய்து பிழைக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள். மனசு கேட்காதவர்களுக்கு ஒரு ஆறுதல்: 1934 முதல் மக்கள் வாக்களித்து ஒரு பொம்மையைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறார்கள். அப்படித் தப்பியவற்றை ஃபாயஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் மாஸ்கிளத்தா என்ற பகல் வெடி. மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் 2 மணிக்கு நகரமன்றச் சதுக்கத்தில் வெடி வெடிப்பார்கள். பட்டப்பகலில் வாணவேடிக்கையா என்று அண்ணாந்து பார்த்து, புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது கண்ணுக்கான வேடிக்கையே இல்லை. மெதுவாகத் தொடங்கி, தாளம் கட்டி, ஏறிக்கொண்டே போய், கடைசி நிமிடத்தில் தரை அதிரும். ஊர்க்காரர்கள் அதைக் கச்சேரி கேட்பதுபோலக் கேட்டு, இன்றைக்கு நேற்றைவிடப் பரவாயில்லை என்று பேசிக்கொள்வார்கள். காதை அடைத்துக்கொள்ளாமல் வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். கைக்குழந்தையையும் இதய நோயாளிகளையும் மட்டும் அந்தப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். 2 மணிக்குத்தானே என்று 1.55க்குப் போனால் சதுக்கத்துக்குள் கால் வைக்க இடம் இருக்காது.

அப்புறம் உடை. ஸ்பெயின் என்றாலே புள்ளி போட்ட ஃபிளமெங்கோ பாவாடை என்று நினைத்து அதை வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது தெற்கு ஸ்பெயினின் செவில்யா பக்கத்து உடை. இங்கே பெண்கள் அணிவது 18ஆம் நூற்றாண்டுப் பாணிப் பட்டு, தலையில் கொண்டைகள், அவற்றில் சீப்பு. ஒரு உடையின் விலையே சில ஆயிரம் யூரோ வரை போகும். தொட்டுப் பார்க்கவும் கூடாது, கேட்காமல் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுக்கவும் கூடாது. முக்கியமாக 17, 18 தேதிகளில் அவர்கள் மாதாவுக்குப் பூ கொண்டுபோகும் ஊர்வலத்தில் பலர் அழுதுகொண்டே நடப்பார்கள். அந்த முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைவிட அநாகரிகம் வேறில்லை. நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டியது பருத்தித் துணியும் மூடிய காலணியும்தான். பட்டாசுப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றும் பொடியன்கள் உங்கள் நைலான் சட்டையில் ஓட்டை போட்டுவிடுவார்கள்.

தெருவை மறித்துப் போட்டிருக்கும் பந்தலுக்குள் பாட்டும் சாப்பாடும் நடக்கிறதே என்று நேராக நுழைந்துவிடாதீர்கள். அது அந்தப் பேட்டைக் குழுவினர் வருடம் முழுக்கச் சந்தா கட்டிப் போட்ட பந்தல். யாராவது அழைத்தால் தாராளமாகப் போகலாம். இரவில் தெருவில் நடக்கும் ஆட்டம் பாட்டு எல்லோருக்கும் பொது. பூசணிக்காய் சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் புன்யுவெலோ பலகாரத்தைச் சூடான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிட எந்த அழைப்பும் தேவையில்லை.

கடைசி இரவுக்கு வருவோம். பிள்ளைகளின் பொம்மைகள் முதலில் எரியும், பிறகு பெரியவை, எல்லாவற்றுக்கும் பின்னால் நகரமன்றச் சதுக்கத்துப் பொம்மை. எல்லோரும் அந்தச் சதுக்கத்துக்கே ஓடுவார்கள். என்னைக் கேட்டால், குறுகலான தெரு ஒன்றில் இருக்கும் சின்னக் குழுவின் பொம்மைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தீயணைப்பு வண்டி வரும்வரை கொளுத்த மாட்டார்கள் என்பதால் அறிவித்த நேரத்தைத் தாண்டும், பொறுமை வேண்டும். வீரர்கள் சுற்றியுள்ள வீட்டுச் சுவர்களை நனைப்பார்கள். எங்கள் மேலும் தண்ணீர் அடி என்று கூட்டம் கத்தும், அவர்களும் அடிப்பார்கள். அதனால் கைபேசிக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள். அன்றிரவே ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தெருக்கள் அடைபட்டிருக்கும், டாக்ஸி கிடைக்காது. மறுநாள் காலை நிதானமாக எழுந்து வெளியே வந்தால் சாம்பலைக்கூடக் கூட்டி அள்ளியிருப்பார்கள்.