பேறுகால விடுப்பை நீட்டிக்கக் கேட்டால்: சிறு நிறுவன மேலாளருக்கு ஒரு செய்முறை

"அக்கா, இன்னும் ரெண்டு மாசம் லீவு கிடைக்குமா?" விடுப்பில் இருக்கும் பெண்ணிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸப் செய்தி வருகிறது. இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம், எச்.ஆர். என்று தனியாக யாரும் கிடையாது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அவசரப்பட்டு 'சரி' என்றோ 'முடியாது' என்றோ அனுப்பிவிடாதீர்கள். அவர் கேட்கும் இரண்டு மாதத்தில் கொஞ்சம் அவருடைய உரிமையாக இருக்கலாம், கொஞ்சம் உங்கள் முடிவைப் பொறுத்ததாக இருக்கலாம். முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

1. நாட்களை எண்ணுங்கள்

முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம். 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு.

26 வாரம் என்றால் 182 நாள். 2026 ஜனவரி 5-இல் விடுப்பு தொடங்கினால் ஜூலை 5 வரை, ஜூலை 6 வேலைக்கு வரும் நாள். ஞாயிற்றுக்கிழமைக்கும் பணம் உண்டு. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளி வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது.

'கவர்ன்மென்ட்ல ஒரு வருஷம் தர்றாங்களே' என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் என்பது உண்மை. தனியார் நிறுவனத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. இதைப் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

2. போன் செய்து காரணம் கேளுங்கள்

'ஏன் வர முடியாது?' என்று தொடங்காதீர்கள். 'நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க?' என்று கேளுங்கள், காரணம் தானாக வரும். தையல் ஆறவில்லை, குழந்தை குறைமாதம், பார்த்துக்கொள்ள அம்மாவால் வர முடியவில்லை. இவற்றில் முதல் இரண்டும் ஒரு வழி, மூன்றாவது வேறு வழி.

3. உடல்நலக் காரணமா?

கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிறப்பு ஆகியவற்றால் வந்த உடல்நலக் குறைவு என்றால், மருத்துவச் சான்றிதழின் பேரில் மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கும். இது நீங்கள் போடும் சலுகை அல்ல, சட்டம் தருவது. பல மேலாளர்களுக்கு இது தெரியாததால் எத்தனையோ பெண்கள் சம்பளத்தை இழக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவர் இஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) இருந்தால் 26 வாரப் பணமும் இந்தக் கூடுதல் மாதப் பணமும் இஎஸ்ஐ வழியாகவே வரும். அதற்கான படிவ வேலையில் கூட இருந்து உதவுங்கள், கைக்குழந்தையோடு அவர் அலைய வேண்டாம்.

4. மீதி நாட்களுக்கு

குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்பது போன்ற காரணத்துக்கு முடிவு உங்களுடையது. முதலில் அவர் கணக்கில் இருக்கும் ஈட்டிய விடுப்பைப் போடுங்கள். அதற்கு மேல் சம்பளமில்லா விடுப்பு. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கணக்கு, மெயில், ஆர்டர் கவனிப்பு போன்ற வேலை என்றால் வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா? விடுப்பு முடிந்தபின் இருவரும் ஒத்துக்கொண்டால் அப்படிச் செய்யலாம் என்று சட்டமே இடம் தருகிறது. முதல் மாதம் பாதி நாள், அப்புறம் முழுநாள் என்றும் பேசிக்கொள்ளலாம். புது ஆளை எடுத்து வேலை பழக்குவதைவிட இது உங்களுக்கும் லேசு.

5. எழுத்தில் கொடுங்கள்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நீட்டிப்புக்குப் போனில் 'சரிம்மா' என்றார்கள். திரும்பி வந்த பெண்ணின் பதிவேட்டில் அந்த நாட்கள் 'ஆப்சென்ட்' என்று இருந்தன. பிற்பாடு பணிக்கொடை கணக்கிடும்போது பணித்தொடர்ச்சி பற்றியே கேள்வி எழுந்தது. அனுமதித்த விடுப்பு என்று ஒரு தாள் இருந்திருந்தால் அவர் அந்த அலைச்சல் பட்டிருக்க மாட்டார். நாலு வரி போதும்:

"உங்கள் பேறுகால விடுப்பு ஜூலை 5-இல் முடிகிறது. மருத்துவச் சான்றிதழின்படி ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 4 வரை சம்பளத்துடன் விடுப்பு. ஆகஸ்ட் 5 முதல் 31 வரை சம்பளமில்லா விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. செப்டம்பர் 1 அன்று இதே பதவியில், இதே சம்பளத்தில் பணிக்குத் திரும்பலாம்."

'இதே பதவியில்' என்பதை விட்டுவிடாதீர்கள். பேறுகால விடுப்பில் இருப்பவரை நீக்குவதும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம்.

6. திரும்பி வரும் முன்

இரண்டு வாரம் முன்னதாக ஒரு போன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை அவருக்கு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையை ஒதுக்கி, அது எந்த அறை என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.