‘விஷுவல் பிரமாதம், கதை சுமார்’: ஃபேண்டசி பட விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ஃபேண்டசி படம் ஒன்று வெளியான அன்று கோவையிலோ ஈரோட்டிலோ தியேட்டரை ஒட்டிய பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு நின்றால் போதும். படம் எப்படி என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. “பாக்கறதுக்கு நல்லாத்தானுங்க இருக்குது, கதைதானுங்க ஒண்ணுமில்ல” என்று பக்கத்தில் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார். காசு கொடுத்துப் பார்த்தவர், ஒரு வரியில் முடித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதே ஒரு வரியை எண்ணூறு வார்த்தைக்கு இழுத்து, கடைசியில் ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டு விமர்சனம் என்று வெளியிடுவதுதான் தொல்லை.

முழுக்க நன்றாக வந்த படத்தைப் பற்றி எழுதலாம். முழுக்கக் கெட்டுப்போன படத்தைப் பற்றி எழுதுவது அதைவிடச் சுலபம். கண்ணுக்குப் புதிதாக ஏதோ செய்துவிட்டு, நடுநடுவே தடுமாறுகிற படம்தான் எழுதுகிறவரைச் சோதிக்கும். கல்லூரித் திரைப்பட மன்றங்களில் எழுதிப் பழகுகிறவர்கள் முதல் சொந்தமாகச் சேனல் வைத்திருப்பவர்கள் வரை அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கதையைத் தனியாக, காட்சியைத் தனியாக நிறுப்பது

பெரிய தவறு இது. மற்றவற்றில் பாதி இதிலிருந்து பிறப்பவை. ஒளிப்பதிவுக்கு ஒரு பத்தி, கலை இயக்கத்துக்கு ஒரு பத்தி, அப்புறம் ‘ஆனால் திரைக்கதையில் கோட்டை விட்டிருக்கிறார் இயக்குநர்’ என்று ஒரு பத்தி. குடும்பக் கதைக்கு வேண்டுமானால் இந்தப் பிரிவினை ஓரளவு ஒத்துவரும். ஃபேண்டசியில் வராது, ஏனென்றால் அங்கே பல இடங்களில் காட்சிதான் கதை.

2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். செல்வராகவன் இயக்கியது, ராம்ஜி ஒளிப்பதிவு. மறைந்துபோன சோழர்களைத் தேடிப் போகிறவர்கள் புதைகுழியைக் கடக்க வேண்டிய கட்டத்தில், சாயும் வெயிலில் விழுகிற நிழல் நடராஜர் உருவமாக மாறுகிறது. அந்த நிழலுக்குள் கால் வைத்து நடந்தால்தான் உயிர் பிழைக்கலாம். இந்தக் காட்சியை ‘விஷுவல்’ கணக்கில் வரவு வைப்பீர்களா, ‘கதை’ கணக்கிலா? ஆபத்தும் அதற்கான விடையும், சோழர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற செய்தியும் அந்த ஒரு நிழலிலேயே இருக்கின்றன. அதே வகைப் படங்களில், கணினியில் கட்டிய கோட்டைக்கு மேலே கேமரா பறந்து போய்ப் பத்தாயிரம் வீரர்களைக் காட்டிவிட்டுத் திரும்பும் காட்சியும் வரும். அதை வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டையும் ‘பிரம்மாண்டம்’ என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால் வாசகருக்கு என்ன கிடைக்கும்?

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் காட்சிக்குப் பதிலாக ஒரு பாத்திரம் அதையே வசனமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் படம் எதை இழந்திருக்கும் என்று கேளுங்கள். ஒன்றும் இழக்காது என்றால் அது அலங்காரம்.

அலங்காரம் என்றால் உடனே குற்றம் என்று எண்ண வேண்டாம். 1944இல் கோவையின் பட்சிராஜா பிலிம்ஸ் தயாரிப்பில் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில், பி.யு. சின்னப்பா ஐந்து பேராக ஒரே நேரத்தில் கச்சேரி செய்வார். கணினி இல்லாத காலம். லென்ஸின் ஒரு பகுதியை மறைத்துப் படம்பிடித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த இடத்தைத் திறந்து மறுபடி எடுப்பது அன்றைய வழக்கமான உத்தி. ஒரு தடவை பிசகினால் முன்பு எடுத்ததும் சேர்ந்து வீண். கதை அதனால் எத்தனை அடி முன்னால் போனது என்று யாரும் அளக்கவில்லை, அந்தக் கச்சேரி பேச்சில் நின்றுவிட்டது. சும்மா வேடிக்கை காட்டுவதற்கும் படத்தில் இடம் உண்டு. வேடிக்கை என்று பெயர் சொல்லிப் பாராட்டினால் சரி. அதை ஆழம் என்று விற்பதும், ஆழம் இல்லை என்று திட்டுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்தான்.

‘லாஜிக் இல்லை’

எந்த லாஜிக்? நம் தெருவின் லாஜிக்கா, அந்தப் படம் தானே போட்டுக்கொண்ட விதியா? முதலாவதைக் கேட்பதில் அர்த்தமில்லை. இரண்டாவதைக் கேட்காமல் விடுவதும் தவறு.

இதைக் கொங்கு நாட்டில் பிறந்தவருக்கு விளக்கவே தேவையில்லை. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றி உடுக்கடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில் கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வரும், அதை எதிர்க்கச் சின்ன நாய் ஒன்று போகும், அவர்கள் தங்கை தங்காளுக்கு நடக்கப்போவது கனவில் முன்கூட்டியே தெரியும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எவரும் ‘ஒரு பன்றிக்கு இவ்வளவு பலமா’ என்று எழுந்து கேட்பதில்லை. ஆனால் தங்காள் கண்ட கனவு பலிக்காமல் போயிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். ‘தங்காள் சொன்னா நடக்கும்’ என்பது அந்தக் கதை கொடுத்த வாக்கு.

விமர்சகர் பிடிக்க வேண்டியதும் இந்த வாக்கைத்தான். மந்திரவாளை அரச வம்சத்து ரத்தம் மட்டுமே தொட முடியும் என்று முதல் அரைமணியில் சொல்லிவிட்டு, இடைவேளைக்குப் பிறகு நாயகனின் நண்பன் அதைத் தூக்கிச் சுழற்றினால் அங்கே நிறுத்துங்கள். டிராகன் எப்படிப் பறக்கிறது என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏற்ற இறக்கம் எங்கே என்று சொல்லாமல் விடுவது

‘இரண்டாம் பாதி இழுவை’ என்பது தமிழில் அதிகம் எழுதப்பட்ட வாக்கியங்களில் ஒன்றாக இருக்கும். எந்த இடத்தில் இழுத்தது, ஏன் இழுத்தது என்பதைச் சொன்னால்தான் அது விமர்சனம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ பற்றியே அன்று பலர் அப்படிச் சொன்னார்கள். முதல் பாதி ஏழு ஆபத்துகளைத் தாண்டிப் போகிற சாகசம். கூலிக்காரர்களின் தலைவன் முத்துவாகக் கார்த்தி செய்கிற கலாட்டா வேறு. பின்பாதியில் படம் ஒளிந்து வாழும் கடைசிச் சோழர்களிடம் போய்விடுகிறது. பசி, காத்திருப்பு, பழைய தமிழ். சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் ஓரமாகிறான், பார்த்திபனின் அரசன் நடுவுக்கு வருகிறான். இங்கே உண்மையில் நடப்பது வேகக் குறைவு இல்லை, படத்தின் வகையே மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு முதல் பாதி நம்மைத் தயார்செய்ததா என்பதுதான் கேள்வி. போதுமான அளவு செய்யவில்லை என்பது என் கருத்து. அதேசமயம், பின்பாதியில் இருக்கிற துணிச்சல் முன்பாதியில் இல்லை என்றும் சொல்வேன். ‘இழுவை’ என்ற ஒரு சொல்லுக்குள் இந்த இரண்டும் அடங்காது.

அதே இயக்குநரின் ‘இரண்டாம் உலகம்’ 2013இல் வந்தபோது சறுக்கிய இடம் வேறு. பூமியில் ஒரு காதல், காதலையே அறியாத இன்னோர் உலகத்தில் ஒரு ஜோடி என்று இரண்டு தடங்கள். ஜார்ஜியாவில் எடுத்த நிலக்காட்சிகளும் அந்த உலகத்தின் நிறங்களும் தமிழுக்குப் புதிது. ஆனால் அந்த உலகத்து மனிதர்கள் காலையில் எழுந்தால் என்ன செய்வார்கள், எதற்கு உழைப்பார்கள் என்ற உணர்வு படத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. பார்க்க ஒரு உலகம் இருந்தது, குடியிருக்க இல்லை. ‘கதை பலவீனம்’ என்று மட்டும் எழுதியவர்கள், குறை அந்த உலகத்தைப் படைத்த விதத்திலேயே இருந்ததைத் தவறவிட்டார்கள்.

‘சிஜி மோசம்’ என்று எழுதிவிட்டு நகர்வது

சிஜி என்கிற கணினி வரைகலை கண்ணுக்குப் பொய் என்று தெரிந்துவிடும், ஆனால் ஏன் என்று சொல்ல வராது. பழகினால் வரும். முதலில் பாதங்களைப் பாருங்கள்: தரையைத் தொடும் இடத்தில் நிழல் இல்லை என்றால் உருவம் மிதக்கும். அடுத்து வெளிச்சம். பின்னணியில் சூரியன் வலப்பக்கம், நடிகரின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம். பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காகப் பச்சைத் திரை முன் நடிகரை எடுத்தபோது பின்னணி எப்படி இருக்கும் என்று முடிவாகியிருக்காது. அப்புறம் எடை. யானை அளவு மிருகம் குதித்து இறங்கினால் தூசி பறக்க வேண்டும், பக்கத்துச் செடி அசைய வேண்டும். பெரிய உடல் சின்ன உடலைப் போலச் சுறுசுறுப்பாக நகர்ந்தாலே பொம்மையாகிவிடும். நடிகரின் பார்வையையும் கவனியுங்கள். ராட்சசனின் கண்ணைப் பார்க்க வேண்டியவர் அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இதைவிட முக்கியம், கற்பனையையும் கைவேலையையும் பிரித்துச் சொல்வது. உருவத்தை வடிவமைத்தவர் புதிதாக யோசித்திருப்பார். வெளியீட்டுத் தேதி நெருங்க, வேலை நாலைந்து நிறுவனங்களுக்குப் பிரிந்து போய், ஒரு காட்சி மெருகாகவும் அடுத்தது அரைகுறையாகவும் வந்திருக்கும். கைவேலை சுமாராக இருந்தும் கற்பனை ஜெயிக்கிற படங்கள் உண்டு. பளபளவென்று இருந்தும் ஏற்கெனவே பார்த்த மாதிரியே இருக்கிற படங்கள் அதைவிட அதிகம்.

தியேட்டரின் குறையைப் படத்தின் தலையில் கட்டுவது

இருட்டுக் குகை, நள்ளிரவுப் போர் என்று ஃபேண்டசியில் பாதி நேரம் வெளிச்சம் குறைவு. 2டி படத்துக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டியில் கண்ணாடி வழியாகக் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். புரொஜக்டர் விளக்கும் பழையதாக இருந்தால், ஒளிப்பதிவாளர் செய்ததில் பாதி சுவரோடு போய்விடும். ‘படம் மங்கல்’ என்று எழுதுவதற்கு முன், முடிந்தால் இன்னொரு திரையில் பத்து நிமிடமாவது பாருங்கள். முடியாவிட்டால், எந்த மாதிரி அரங்கில், 3டியிலா 2டியிலா பார்த்தீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.

ஒலியும் இப்படித்தான். தியேட்டர் ஒலிக் கருவியில் 7 என்ற அளவை வைத்துத்தான் கலவை செய்வது வழக்கம். பல அரங்குகளில் அதைக் குறைத்தே ஓட்டுவார்கள். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது ‘காது வலிக்கிறது’ என்ற புகார் பெரிதாகி, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். அதற்குப் பிறகு பார்த்தவர் கேட்ட படம், முதல் காட்சி பார்த்தவர் கேட்ட படம் இல்லை. அரங்கை எவ்வளவு மன்னித்தாலும் நாயகனும் கூட்டமும் கத்திக்கொண்டே இருப்பது படத்தின் முடிவுதான், அதை விமர்சிக்கலாம்.

செலவுக் கணக்கை அளவுகோலாக்குவது

‘முந்நூறு கோடி போட்டு இதுதானா?’ என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தின் உண்மையான செலவு 18 கோடி, பரபரப்புக்காக 32 கோடி என்று அறிவித்தோம் என்று செல்வராகவனே 2021இல் ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். வசூல் வந்தும், ஊதிச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டதால் படம் சராசரி என்று பெயர் வாங்கியதாகவும் வருத்தப்பட்டார். பதினோரு வருடம் பலர் அந்த 32 கோடியை வைத்துத்தான் அந்தப் படத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

‘ஹாலிவுட்டுக்கு நிகர்’, ‘ஹாலிவுட் காப்பி’ இரண்டையும் இதே கூடையில் போடலாம். எந்தக் காட்சி, எதிலிருந்து என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

அவசரத் தீர்ப்பும் தாமதப் பூசையும்

இடைவேளையிலேயே தீர்ப்பைப் பதிவிடுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் செய்கிறார்கள். ‘கங்குவா’வுக்குப் பிறகு, தியேட்டர் வளாகத்தில் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு வீடியோ எடுக்க விடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு கேட்கும் அளவுக்குப் போனது. அது தீர்வென்று எனக்குத் தோன்றவில்லை. கேமராவை வெளியே நிறுத்தினால் பேச்சு பேக்கரிக்குப் போகும். “ட்ரெய்லரு நல்லாருந்துச்சுங்க, படம் எப்ப விடறாங்க?” என்று படம் முடிந்து வெளியே வந்து கேட்கிற கோயமுத்தூர் குசும்பை எந்தச் சங்கமும் தடுக்க முடியாது. அந்தக் குசும்பு ரசிக்கத்தக்கது. ஆனால் எழுதுகிறவர் அதையே முழுநேரத் தொழிலாக்கினால், நகைச்சுவைக்கு இடம் தராத நல்ல காட்சிகள் கண்ணிலேயே படாமல் போகும்.

இதற்கு நேர்மாறான தவறு பத்து வருடம் கழித்து வரும். 2021 டிசம்பர் 31 அன்று ‘ஆயிரத்தில் ஒருவன்’ மறுபடி தியேட்டருக்கு வந்தபோது கூட்டம் கொண்டாடியது. உடனே ‘அன்றைக்கு இதைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள்’ என்று பழைய விமர்சகர்கள் மீது ஏறி விழுந்தார்கள். அன்றைக்குக் குறையாக இருந்ததில் சில இன்றைக்கும் குறைதான். பழகிப்போனதால் உறுத்தவில்லை, அவ்வளவே. மறுவெளியீடு ஒரு படம் நேசிக்கப்படுகிறது என்பதற்குச் சாட்சி. படத்தொகுப்பு சரியாகிவிட்டது என்பதற்குச் சாட்சி ஆகாது.

நம்ம ஊர்க் கதை என்பதற்காகச் சலுகை தருவதும் உண்டு. 2011இல் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில், ‘பொன்னர் சங்கர்’ பெரிய பெரிய அரங்குகளோடு வந்தது. அண்ணன்மார் மேல் உள்ள பக்தி வேறு, படத்தின் மேல் உள்ள மதிப்பு வேறு. செட்டைப் பாராட்டி, நாடகத்தனத்தைக் குறை சொல்லி எழுதினால் யாருடைய குலதெய்வமும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

கடைசியாக நட்சத்திரங்கள். இந்த வகைப் படத்துக்கு இரண்டரை போடுவது எதையும் சொல்லாது. எல்லாக் காட்சியும் சுமாராக இருக்கிற படமும் அதே இரண்டரைதான் வாங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் இரண்டு வரி சேருங்கள். பெரிய திரையில் பார்த்தே ஆக வேண்டிய இருபது நிமிடம் எது, வீட்டில் ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்கிற பகுதி எது. தாராபுரத்திலிருந்து குடும்பத்தோடு கோவைக்குக் கிளம்பலாமா என்று யோசிப்பவருக்கு அது உதவும். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்பதையும் எழுதுங்கள். 2024இல் யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள், இருந்தாலும் பயமுறுத்துவது பாம்பா, ரத்தமா, வெறும் இருட்டும் சத்தமுமா என்று சான்றிதழ் சொல்லாது.